புயலுக்கும் பசி உண்டு

நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சென்ற வருஷம் இராமேசுவரத்துக்கு அழைத்துச் சென்றிருந்தோம். தனுஷ்கோடியில் கூரையிழந்து நிற்கும் மாதாகோவிலின் சுவரைத் தடவிப் பார்த்த ஒரு பையன், "ஏன் ஸார், புயலுக்கும் பசிக்குமா? ஊரையே விழுங்கிவிட்டதே!" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை, கேள்வி அவ்வளவு சரியாயிருந்தது.

புயலின் ஆகாரம் சமுத்திரத்தின் உஷ்ணம். கடல் நீர் சுமார் 26 டிகிரிக்கு மேல் காய்ந்திருக்க வேண்டும். அதுவும் மேலோடு அல்ல, பல ஆள் ஆழத்துக்கு. அந்த நீர் ஆவியாகி உயர எழும்பி மேகமாகக் குளிரும்போது, தன்னுள் மறைத்து வைத்திருந்த வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. சூடேறிய காற்று இன்னும் மேலே போகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப நாற்புறமிருந்தும் ஈரக்காற்று ஓடி வந்து, அதுவும் ஆவியைச் சுமந்துகொண்டு ஏறுகிறது. வட்டிக்கு வட்டி ஏறுகிற கணக்குத்தான்!

ஓடி வரும் காற்று நேரே மையத்தை அடைந்துவிட்டால் விவகாரம் அத்துடன் தீர்ந்துவிடும். ஆனால் பூமி சுழல்வதால், நம் பக்கத்தில் அது வலப்புறம் ஒதுங்கி, மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்குகிறது. பூமத்திய ரேகைக்கு அருகே இந்த ஒதுக்கம் சொற்பம். ஆகவே ஐந்து பாகைக்குள் புயல் பிறப்பது அபூர்வம். 1964-ஆம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி, ஏறக்குறைய அந்த எல்லையிலேயே, தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழ்வு உண்டாயிற்று. அது வங்கக் கடலின் சூட்டைக் குடித்துக்கொண்டே மேற்கே நகர்ந்து, 22-ந் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியை வந்தடைந்தது.

தரையேறிய புயலுக்கு ஆகாரம் நின்றுபோகும். மரமும் மலையும் காற்றைத் தடுக்கும். ஓரிரு நாளில் அது வெறும் மழையாகிவிடும். தனுஷ்கோடியிலோ தரை ஏது? இருபுறமும் கடல்; நடுவே ஒரு மணல் நாடா.

புயல் என்றாலே நம்மவர்களுக்குக் காற்றுத்தான் ஞாபகம் வருகிறது. கதவை இறுகத் தாழிட்டுக்கொண்டால் பிழைத்தோம் என்று எண்ணுகிறார்கள். கடற்கரையில் அநேகமாய்க் கொல்லுவது காற்றல்ல, தண்ணீர். ஆழமில்லாத கடலில் காற்று நீரைத் தள்ளிக் குவித்து ஊருக்குள் ஏற்றிவிடுகிறது. அன்றிரவு பாம்பனிலிருந்து வந்த பாஸஞ்சர் ரயில், தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கும் சமயத்தில் அந்த நீரில் அமிழ்ந்தது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மீளவில்லை.

தாழ்ந்த கரையில் இருப்பவர்களுக்கு மேட்டுக்குப் போவதைத் தவிர வேறு உபாயம் கிடையாது. 1999-இல் ஒரிஸ்ஸாவில் வீசிய பெரும் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2013-இல் அதே மாகாணத்தைப் 'பாய்லின்' புயல் தாக்கியபோது, லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள். இறந்தவர் தொகை நூறுக்கும் குறைவு.

இவ்வளவையும் அந்த மணலில் நின்றே பிள்ளைகளுக்குச் சொன்னோம். வண்டி புறப்படும் சமயத்தில், கேள்வி கேட்ட பையனை மட்டும் காணோம். தேடிப் பார்த்தால், ஒரு கடலிலிருந்து மறு கடல் வரையில் எத்தனை அடி என்று காலால் அளந்துகொண்டிருந்தான்.