வில்லாளியை என்ன செய்யலாம்?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஓர் அறை உண்டு. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் நாலு பேர் அங்கே பாய் விரித்து உட்காருவார்கள். நடுவில் பகடைகள், பென்சில், ஆளுக்கொரு கேரக்டர் ஷீட். தூண்களின் மேல் மெட்ரோ போகும் சத்தம் அவ்வப்போது வரும். இந்த மூன்று மணி நேரத்தில் யாருக்கும் அது காதில் விழாது.

ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டு. நாங்கள் வைத்திருப்பது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்குவார்கள். நடத்துகிறவரை டி.எம். என்போம். எங்கள் வீட்டில் அது நான்.

ஐந்தாம் லெவலில் கதை முட்டிக்கொண்டு நின்றது. குகை வாசலில் ஓர் ஓகரை நிறுத்தியிருந்தேன். மலை மாதிரி அரக்கன், 59 உயிர்ப்புள்ளி. அவனோடு பேரம் பேசுவார்கள், ஏமாற்றுவார்கள், அரை மணி நேரம் போகும் என்று நினைத்திருந்தேன். வில்லாளியாக ஆடும் தம்பி நாலு அம்பு விட்டான். ஓகர் விழுந்தான். வைத்தியர் பாத்திரம் எடுத்திருக்கும் அக்காவுக்கு முறையே வரவில்லை. அவர் போனைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஒருத்தன் பலசாலியாக இருப்பதில் கெடுதல் ஏதுமில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு வேலையில்லாமல் போகும்போதுதான் ஆட்டம் சாகிறது.

இந்த நிலை வந்தால் முதலில் கணக்கைப் பாருங்கள். கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆட்டம் இல்லாத ஒரு நாளில் கேரக்டர் ஷீட்டை வாங்கி வரிவரியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் வில்லாளிக்குச் சுறுசுறுப்பு 18, அதனால் +4. பயிற்சிக்கு +3, வில்வித்தைக்கு +2, மந்திர வில்லுக்கு +2. இருபது முகப் பகடையில் விழுவதோடு 11 சேரும். ஓகரின் காப்பு எண் 11தான், கூட்டுத்தொகை அதைத் தொட்டால் போதும். பகடையில் 1 விழுந்தால் எப்போதும் தப்பும் என்பது விதி, அப்போது மட்டுமே குறி தப்பும். இதன் மேல் ஷார்ப்ஷூட்டர் என்ற திறன் வேறு. குறியில் 5 குறைத்துக்கொண்டால் அடியில் 10 கூடும் என்பது அதன் விதி. தம்பி பத்தைக் கூட்டினான், ஐந்தைக் கழிக்கவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, நானும் கவனிக்கவில்லை. கழித்துப் பார்த்தால் ஓகரை அடிக்க 5 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எண்பதாகிறது. இப்படிப்பட்ட பிழைதான் பாதி வீடுகளில் "அளவுக்கு மீறிய பலம்" என்று பெயர் வாங்கிக்கொண்டு உலவுகிறது.

மிச்சம் இருந்த இரண்டு காரணங்களும் என்னுடையவை. அந்த +2 வில்லை மூன்றாம் லெவலிலேயே தூக்கிக் கொடுத்தது நான். ஒரே முறையில் நாலு அம்பு விட உதவும் ஆக்‌ஷன் சர்ஜை ஒருமுறை பயன்படுத்தினால், குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும். விதிநூல் கதையின் ஒரு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மோதல்கள் வரை குழு தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. நான் நாளுக்கு ஒன்றே ஒன்று வைத்தேன். ஒவ்வொரு சண்டைக்கும் தம்பி முழு பலத்தோடு வந்து நின்றான்.

அடுத்தது, தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது. எல்லார் முன்னாலும் கேட்கவே கூடாது. அவன் சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறான். வேலை விட்டு வந்தவனை டீக்கடையில் பிடித்தேன். ஐந்தைக் கழிக்க மறந்ததைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "வில்லை வாங்கிக்குவியாண்ணா?" என்றான். பதில் சொல்லாமல், அந்தப் பாத்திரத்தில் அவனுக்கு என்ன பிடிக்கிறது என்று கேட்டேன். கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "வாரம் பூரா மத்தவங்க சொன்னதைச் செய்யறேண்ணா. இங்கதான் நான் நினைச்சது நடக்குது."

இதைக் கேட்காமலே நான் வில்லை உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் ஊருக்குத் தெரிந்த கதைதான். எதிரே நிற்பவனின் பாதி பலம் தன்னிடம் வந்துவிடும் வரம் வாலிக்கு இருந்தது. ராமன் மறைந்து நின்று அம்பு விட்டான். சண்டை முடிந்தது, வழக்கு முடியவில்லை. இன்றைக்கும் பட்டிமன்றத்தில் நடக்கிறது. எங்கிருந்தோ விஷப்புகை, திடீரென்று வில்லைத் திருடும் திருடன், அம்பே துளைக்காத எதிரிகளின் வரிசை என்று டி.எம். கொண்டுவருவது எல்லாம் மறைந்து நின்று விடும் அம்புதான். ஆடுகிறவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவன் உங்களை நம்ப மாட்டான்.

கர்ணன் கதையில் நல்ல வழி இருக்கிறது. இந்திரன் கவச குண்டலத்தைக் கேட்டே வாங்கினான், பதிலுக்குச் சக்தி ஆயுதம் கொடுத்தான். ஒருமுறைதான் எய்யலாம். அர்ஜுனனுக்கென்று கர்ணன் பொத்திவைத்திருந்ததை, இரவுப் போரில் கடோத்கஜன் வந்து செலவழிக்க வைத்தான். எப்போதும் கூடவே இருக்கும் பலத்தில் கதை இல்லை. ஒரே ஒருமுறைக்கான பலம் எப்போது செலவாகும் என்பதில் கதை இருக்கிறது. தம்பியிடம் இதைத்தான் வைத்தேன்: வில்லின் +2 போகட்டும், பதிலாகக் குறி தப்பவே தப்பாத ஓர் அம்பு, ஒரே ஒன்று. அவன் டீயை முடிக்கும் முன்பே சரி என்றான். மற்ற திறன்கள் எதையும் நான் தொடவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வில்லையும் அப்படியே விட்டிருப்பேன்.

அதன் பிறகு மாற்ற வேண்டியது நாளின் நீளம். ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க முடியாதபடி ஏதாவது துரத்த வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருடைய தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். அந்த நினைப்பில் ஒரு பாழடைந்த ஆலையை வரைந்தேன். உள்ளே வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது, சங்கு மூன்றாம் முறை ஊதும்போது மதகு உடையும். முதல் கூடத்தில் மூன்று எதிரிகள், நேர்ப்பார்வையில். அங்கே தம்பி ஆசை தீர எய்யட்டும் என்றே வைத்தேன். மூன்று காட்சிக்கு ஒன்றாவது அவனுடையதாக இருக்க வேண்டும். இதில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டாம் கூடத்தில் பஞ்சுத் தூசி மூட்டம். பார்க்க முடியாததைக் குறிவைப்பது கஷ்டம். திருடனாக ஆடுகிறவர் தறிகளுக்கு அடியில் ஊர்ந்து போனார். மூன்றாவதில் எதிரியே இல்லை. பாம்பு கடித்த காவலாளி ஒருவர் கிடக்கிறார், மதகுச் சாவி எங்கே என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். போன் பைக்குள் இருந்தது. விஷத்தை முறித்து, அவரை உட்கார வைத்து, பெயர் கேட்டு, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு, இருபது நிமிடம் அக்கா பேசினார். பென்சில் உருட்டும் சத்தம்கூட இல்லை. சாவியோடு காவலாளியின் சொந்தக் கதையும் வந்தது. அந்தக் காவலாளிக்கு நான் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. கேட்கக் கேட்கத்தான் சொன்னேன்.

கடைசியில் சங்கு இரண்டாம் முறை ஊதியது. மதகுக் கயிறு எட்டாத உயரத்தில், எதிரிகளின் தலைவன் எதிர்ப்பக்கம், அக்கா இடுப்பளவு தண்ணீரில். தம்பி அந்த ஒரே அம்புக்காக ஷீட்டின் ஓரத்தில் போட்டிருந்த சின்ன வட்டத்தின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். என்னை அவன் பார்க்கவில்லை.

"அக்கா, நீங்க சொல்லுங்க. கயிறா, அவனா?"