எலும்பு முறிவும் இழப்பீடும்

மேல்சித்தாமூரிலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில் லாரி மோதிக் கால் எலும்பு முறிந்தால், மருத்துவச் செலவோடு மணிலா விதைப்பும் தவறிப்போகும். இந்த இழப்பிற்கு ஈடு கேட்க 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வழி செய்துள்ளது. அதற்குச் சான்றுகள் தேவை.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

எலும்பு முறிந்தால் கட்டு வைத்தியரிடம் போவது பலரின் வழக்கம். முதலில் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கு விபத்துப் பதிவேட்டில் காயம் பதியப்படும், எக்ஸ்ரே எடுக்கப்படும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயமாகும். எக்ஸ்ரே இல்லையேல் அதை மெய்ப்பிப்பது கடினம். “செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வண்டிக்காரர் கூறினாலும், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுங்கள்.

மனு செய்தல்

விபத்து நடந்த இடத்திற்கோ நீங்கள் வசிக்கும் ஊருக்கோ உரிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி இதற்கான கெடு 6 மாதம். யார் தவறு என்று மெய்ப்பிக்காமலே கொடுங்காயத்திற்கு ரூ.2,50,000 பெறவும் வழியுண்டு. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், கூடுதல் தொகை கேட்கும் மனு செல்லாது போகும். ஆகவே வழக்கறிஞரைக் கலந்து முடிவு செய்யுங்கள். மோதிய வண்டி எதுவெனத் தெரியாவிடில், அரசுத் திட்டத்தில் ரூ.50,000 கிடைக்கும்.

தொகை கணக்கிடும் முறை

ஊனச் சான்றிதழிலுள்ள விழுக்காட்டை அப்படியே கொள்ளாமல், அந்த ஊனம் அவரவர் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியது. மடங்காத முழங்கால் எழுத்தருக்குச் சிறு குறை. குந்திக் களையெடுப்பவருக்கோ பெருங்குறை. எடுத்துக்காட்டாக, வயது 38, மாத வருமானம் ரூ.12,000, உழைப்புத்திறன் இழப்பு 20 விழுக்காடு எனில்:

12,000 × 12 × 15 × 20/100 = ரூ.4,32,000

இதில் 15 என்பது 36 முதல் 40 வயது வரையுள்ளோருக்கான பெருக்கு எண். மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் இதற்கு மேல் சேரும்.

நிலம் அப்படியே இருப்பதால், நிலத்தின் முழு வருவாயும் இழப்பாகக் கொள்ளப்படுவதில்லை. உங்கள் உழைப்பும் மேற்பார்வையுமே கணக்கில் வரும். எனவே சிட்டா, அடங்கல், விற்பனைக்கூட ரசீது ஆகியவற்றுடன், உங்களுக்குப் பதிலாக வேலை செய்தவர்களுக்குக் கொடுத்த கூலியையும் தேதியிட்டு எழுதி வையுங்கள்.

பெண்களும், ஆதிதிராவிடர், பழங்குடியினரும், குறைந்த வருமானமுடையோரும் இலவச சட்ட உதவி பெறலாம். தொலைபேசி எண் 15100. விளைச்சல் பொய்த்தால் காட்டுவதற்காக விதைப்பையின் அட்டையைப் பத்திரப்படுத்துகிறோம் அல்லவா? மருத்துவச் சீட்டுகளையும் அவ்வாறே பாதுகாத்து வாருங்கள்.