சிவனொளிபாத மலையும் அதன் வழிகளும்

யாழ்ப்பாணத்தவர்க்கு மலை என்றதும் முதலில் நினைவில் வருவது கீரிமலை. அங்கே சென்று பார்ப்போர் காண்பது கடலோரக் கேணியும் சுண்ணக்கற் பாறையுமேயன்றி மலையன்று. குடாநாடு முழுவதும் கடலினின்றும் சிறிதே உயர்ந்த சுண்ணக்கற் படுகை. இத்தகைய நிலத்திலே பிறந்த பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் சமவுயரக் கோடுகளை வரைந்து மலையைக் கற்பிப்பது எளிதன்று. ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, "சேர், சிவனொளிபாத மலை எத்தினை பனை உயரம்?" என்று கேட்டான். நல்ல பனை ஒன்றை எண்பது அடி எனக் கொண்டால், 7359 அடி, அதாவது 2243 மீற்றர் உயரமுள்ள அம்மலைக்கு ஏறக்குறைய 92 பனைகளை ஒன்றன்மேலொன்றாய் நிறுத்தல் வேண்டும். வகுப்பு அன்றுதான் மலையை விளங்கிக்கொண்டது.

இலங்கையில் மிக உயர்ந்த மலை அதுவன்று; பிதுருதலாகலை 2524 மீற்றர். ஆயினும், பண்டைக்காலத்தில் மாலுமிகளின் கண்ணிற்பட்டதும், அரபுநாட்டுப் பயணிகள் எழுதிவைத்ததும் சிவனொளிபாதத்தையே. காரணம் அது நிற்கும் இடம். பிதுருதலாகலை உயர்ந்த மேட்டுநிலத்தின்மேல் எழுந்தபடியால் அதன் அடியே உயரத்தில் இருக்கின்றது. சிவனொளிபாதமோ மத்திய மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்திலே கூம்புபோல் தனித்து நிற்கின்றது. அதன் தெற்கே நிலம் இரத்தினபுரித் தாழ்நிலத்தை நோக்கிச் செங்குத்தாய் இறங்குகின்றது. களனி கங்கையும் களு கங்கையும் இம்மலைத் தொகுதியிலேயே ஊற்றெடுக்கின்றன. சுற்றியுள்ள காடு 1940ஆம் ஆண்டு முதற் சரணாலயமாக உள்ளது. 2010இல் உலக மரபுரிமையிலும் இடம்பெற்றது.

மலையின் இந்த வடிவமே ஏறும் வழிகளையும் வகுத்தது. வடக்கே, ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்று ஏறுவது ஒன்று. அடிவாரமே உயரத்தில் இருப்பதால் வழி குறுகியது. எனினும் செங்குத்து மிகுதி. படிகள் ஐயாயிரத்துக்கு மேல். தெற்கே இரத்தினபுரிப் பக்கத்தில் பலாபத்தலை வழியும், குருவிற்றைப் பக்கத்தில் எரத்னை வழியும் உள்ளன. இவை தாழ்நிலத்தில் தொடங்குவதால் தூரமும் ஏற்றமும் அதிகம். முதன்முறை செல்வோர்க்கும் முதியோர்க்கும் நல்லதண்ணி வழியையே நான் சொல்வேன். உவர்நீர்க் கிணறுகளோடு வாழ்ந்த நமக்கு அவ்வூரின் பெயரைக் கேட்டவுடனேயே பாதிக் களைப்பு நீங்கிவிடும்.

இம்மலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பழைய உறவொன்று உண்டு. 1344ஆம் ஆண்டில் இபுன் பதூதா என்னும் மொறொக்கோ நாட்டுப் பயணி புத்தளக் கரையில் இறங்கி, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்துத் தாம் ஆதாமின் பாதத்தைக் காண விரும்புவதாகக் கூறினார். அரசன் அவருக்குப் பல்லக்கும், ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கொடுத்து அனுப்பினான். மலைக்கு இரண்டு வழிகள் உண்டென்றும், கடினமானது பாபா வழி, எளியது மாமா வழி என்றும், எளிய வழியால் மட்டும் சென்றவர் யாத்திரை செய்தவராகவே மதிக்கப்படார் என்றும் அவர் எழுதிவைத்தார். பாறைகளில் ஏறுவதற்கு இரும்புச் சங்கிலிகள் பொருத்தியிருந்ததையும் குறித்துள்ளார். இன்று படிகளும் கைப்பிடிகளும் உள்ளன. மாமா வழியைப் பழிப்பாரும் இல்லை.

ஏறும் பருவம் மார்கழிப் பூரணையிலிருந்து வைகாசிப் பூரணை வரை. வைகாசிக்குப் பின்னர் தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் முகிலையும் இம்மலையின் மேலேதான் முதலில் கொண்டுவந்து கொட்டும். அப்பொழுது படி வழுக்கும். தெற்கு வழிகளில் அட்டைக் கடியும் சேரும். பருவகாலத்தில் வழிநெடுக விளக்கும் தேநீர்க் கடையும் உண்டு. ஆதலின் மக்கள் இரவில் ஏறி விடியலில் உச்சியை அடைகின்றனர். சூரியன் எழும்போது மலையின் நிழல் மேற்கே முக்கோணமாய் முகில்மேல் விழும் காட்சி சில நிமிடங்களே நிற்கும். பூரணை நாட்களிற் கூட்டம் மிகுதியாகையால், இடைப்பட்ட வார நாளொன்றே மேல்.

குளிரைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதில் என் தவறும் உண்டு. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையும் என்று நான் பல்லாண்டு கற்பித்து வந்தவன். கணக்கிட்டால் உச்சி நம் ஊரினும் பதினான்கு பாகைக்கு மேல் குளிர்ந்திருக்கும். தை மாத விடியலில் இங்கே 23 பாகையெனின் அங்கே ஒன்பதுக்குக் கீழ். இக்கணக்கைக் கரும்பலகையில் விட்டுவிட்டு, 2017 தையில் மாணவர் சிலரைப் பருத்திச் சட்டையுடனேயே கூட்டிச் சென்றேன். ஏறும்வரை வியர்த்தது. உச்சியில் சூரியனுக்காகக் காத்து நின்றபோது காற்று அந்த ஈரத்தில் பட்டது. மெலிந்த பையன் ஒருவனுக்குப் பல் கிட்டி, பேச்சுக் குழறியது. தாழ இறக்கி வந்தபோது, தேநீர்க் கடைக்காரத் தமிழ்ப் பெண்மணி ஒருவர் அவனை அடுப்பருகே இருத்தி, ஈரச் சட்டையைக் கழற்றித் தம் கம்பளியால் போர்த்தினார். "பிள்ளைக்கு மாத்துச் சட்டை கொண்டாரலியா சார்?" என்று அவர் கேட்டதற்கு நான் விடை கூறவில்லை. அதன்பின் கூட்டிச் சென்ற எவரையும் மாற்றுச் சட்டையும் கம்பளியும் இன்றி அடிவாரத்தைத் தாண்ட விட்டதில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே ஈர உடையை மாற்றிவிட்டு ஏறுவது நன்று. முன்னதாகவே போய்க் காற்றில் நிற்பதும் வேண்டாம்.

மூச்சை வாட்டுவது ஏற்றம். முழங்காலை வாட்டுவது இறக்கம். இறங்கும்போது ஊன்றுகோல் ஒன்று கையிலிருக்கட்டும்.