சனிக்கிழமைக்குள் ஒரு நாடு

சாலையில் இருவர் – 11

தெற்கு லூசியானாவுக்கு வரைபடத்தை மட்டும் வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கேஜன் நாடு என்று வழங்கும் 22 பாரிஷ்களில் (பிற மாநிலங்களில் கவுன்ட்டி என்பதை இங்கே பாரிஷ் என்கிறார்கள்) பார்த்து மலைக்க மலையும் இல்லை, அருவியும் இல்லை. நெல் வயல்கள், சதுப்பு நிலம், மெதுவாக ஓடும் பழுப்புநிற ஓடைகள், நடுவே சின்னச் சின்ன ஊர்கள். பார்க்க வேண்டியது அங்கே ஜனங்கள் கூடும் நேரங்களைத்தான். அந்த நேரங்களில் முக்கியமானவை சனிக்கிழமை காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும். வியாழக்கிழமை போய் மாமூ என்ற ஊரின் கடைத்தெருவில் நின்றால் பூட்டிய கதவுகளைத்தான் பார்க்கலாம்.

அதனால் ஹூஸ்டனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முதலில் விரிந்தது நாள்காட்டி. மனைவிக்கு இசை வேண்டும், எனக்குச் சாப்பாடு. இரண்டும் ஒரே நாளில் வந்து மோதின.

"என்னங்க, சனிக்கிழமை நான் கவுச்சி தொடமாட்டேனே. அந்த ஊர்ல எனக்கு என்ன கிடைக்கும்?"

நியாயமான கேள்வி. கேஜன் சமையலில் காய்கறி உண்டு, சைவம் கிடையாது. கம்போ என்ற குழம்பில் வெண்டைக்காய் போடுவார்கள். கூடவே கோழியோ தொத்திறைச்சியோ மிதக்கும். கீரையும் பீன்ஸும் பன்றி இறைச்சியோடுதான் வேகும். எங்கும் சோறு இருக்கும், ஆனால் அதன்மேல் ஊற்றும் குழம்பு கறிக்குழம்பு. சனிக்கிழமைக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. விரதம் விஷயத்தில் அந்த ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி கூடாது. மீனும் கிராஃபிஷும் கூடும். அதனால் புனித வெள்ளியன்று வீட்டுக்கு வீடு அண்டா ஏறி கிராஃபிஷ் வேகும். இப்படி ஒரு விரதம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

கிராஃபிஷ் என்பது நண்டின் கொடுக்கும் இறாலின் உடம்புமாக இருக்கும் நன்னீர்ப் பிராணி. எந்த மாதம் போகலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். தெற்கு லூசியானாவில் நெல்லும் கிராஃபிஷும் ஒரே வயலில் மாறிமாறி விளைகின்றன. கோடைத் தொடக்கத்தில் நெல் நிற்கும் வயலில் கிராஃபிஷை விடுவார்கள். அறுவடைக்காக நீரை வடித்ததும் அவை வளை தோண்டி மண்ணுக்குள் போய்விடும். அறுப்பு முடிந்து, இலையுதிர் காலத்தில் மறுபடி நீர் பாய்ச்சினால் குஞ்சுகளோடு வெளியே வரும். அறுத்த தாளில் துளிர்ப்பதும் அழுகுவதும்தான் அவற்றுக்கு இரை. குளிர்காலம் முழுக்க உழவர் வரப்புகளுக்கு நடுவே படகில் போய்க் கூண்டுகளைத் தூக்கிக் கொட்டிக்கொண்டு வருவார். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வரத்து அதிகம், விலை குறைவு. 2023 கோடையில் மழை பொய்த்து மண் வெடித்தபோது வளைக்குள் இருந்தவை ஏராளமாகச் செத்தன. 2024 பருவத்தில் விலை தாறுமாறாக ஏறியது.

ஆக, ஏப்ரல். ஜூலைக்குப் பிறகு புழுக்கம் தாங்காது; ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் வேறு. அக்டோபரில் லஃபயெட் நகரில் நல்ல இசைவிழா நடக்கும், ஆனால் அப்போது கிராஃபிஷ் இருக்காது.

இனி வழி. ஹூஸ்டனிலிருந்து லஃபயெட் சுமார் 215 மைல், ஐ-10 நெடுஞ்சாலையில் ஒரே நேர்கோடு. எல்லோரும் லஃபயெட்டில்தான் அறை எடுப்பார்கள். நல்ல விடுதிகள் இருக்கின்றன, கண்ட நேரத்திலும் சாப்பாடு கிடைக்கும். ஆனால் வெள்ளி இரவு அங்கே தங்கினால் சனிக்கிழமை விடியும் முன்பே எழுந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். விடுமுறைக்குப் போன இடத்தில் அலாரம் வைப்பது தம்பதிகளுக்குள் சண்டை மூட்டும் வேலை. லேக் சார்ல்ஸ் தாண்டியதும் ஐ-10-ஐ விட்டு வடக்கே திரும்பி, கிண்டர் போய், அங்கிருந்து 190-ஆம் எண் சாலையில் கிழக்கே யூனிஸ் என்ற சிற்றூருக்குப் போய்விடுங்கள். அறைகள் குறைவு, ஆகவே முன்பதிவு அவசியம். சாலையின் இருபுறமும் நீர் நிற்கும் வயல்களில் கிராஃபிஷ் கூண்டுகளின் வாய்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

சனிக்கிழமை காலை மாமூ. யூனிஸிலிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு மைல். அங்கே ஃப்ரெட்ஸ் லவுஞ்ச் என்ற மதுக்கூடம், 1946-இல் ஃப்ரெட் டேட் என்பவர் வாங்கி நடத்தியது. வாரத்தில் சனிக்கிழமை காலை மட்டுமே திறக்கும். நடுவில் கயிறு கட்டிய சதுரத்துக்குள் வாத்தியக்காரர்கள் நிற்பார்கள். சுற்றிலும் ஜோடி ஜோடியாக ஆட்டம். காலை எட்டு மணிக்குக் கையில் பீர். ஜூக்பாக்ஸ் மேல் ஏறி நிற்காதீர்கள் என்று அறிவிப்புப் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், ஏறி நின்றவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நிகழ்ச்சி அப்படியே வில் பிளாட் ஊர் வானொலியில் ஒலிபரப்பாகும், விளம்பரம் உட்பட பிரெஞ்சில்.

அந்தப் பிரெஞ்சு சாதாரணமாகத் தப்பிப் பிழைத்ததல்ல. கேஜன் மக்களின் முன்னோர்கள், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் இருந்த, பிரெஞ்சு பேசிய அக்காடியர்கள். அவர்களை, நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததற்காக, 1755 முதல் ஆங்கிலேயர் ஊர் ஊராகக் கப்பலேற்றித் துரத்தினார்கள். சிதறியவர்களில் சுமார் 200 பேர் ஜோசப் புரூசார் என்பவர் தலைமையில் 1765-இல் லூசியானா வந்து சேர்ந்தனர். 1785-இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் இன்னும் சுமார் 1,600 பேர். பிறகு 1921-இல் மாநில அரசியல் சட்டமே பள்ளிகளில் ஆங்கிலம்தான் என்று வகுத்தது. பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்கு அடியும் இம்போசிஷனும் கிடைத்தன. மனம் மாறிய அரசு, பிரெஞ்சை வளர்க்க 1968-இல் ஒரு வாரியம் அமைத்தபோது ஒரு தலைமுறை வாய்மூடிப் போயிருந்தது. பீர் விளம்பரத்தைப் பிரெஞ்சில் கேட்பதற்காகக் காலங்காத்தாலே மாமூவுக்குப் போகச் சொல்வது அதனால்தான்.

ஒன்பதரைக்கு அங்கிருந்து கிளம்பினால் யூனிஸில் சவாய் மியூசிக் சென்டரைப் பிடித்துவிடலாம். மார்க் சவாய் அக்கார்டியன் செய்யும் கைவினைஞர்; பத்துப் பொத்தான் வைத்த சின்னக் கேஜன் அக்கார்டியன். கடையை 1966-இல் திறந்தார். சனிக்கிழமை காலைகளில் மதியம் வரை அங்கே யார் வேண்டுமானாலும் வாத்தியத்தோடு வந்து உட்காரலாம். பல்லுப்போன பிடில்காரரும் பள்ளிக்கூடப் பையனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். ஒரே ஒரு கண்டிப்பு: முக்கோணக் கம்பியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தட்ட வேண்டும். நான்கு பேர் சேர்ந்து தட்டுவதைக் கேட்டிருந்தால் அந்தச் சட்டத்தின் அருமை புரியும். வெறுங்கையோடு போகக் கூடாது. பூடான் என்ற சோற்றுத் தொத்திறைச்சியோ டோனட்டோ வாங்கிப் போய்ப் பொதுவில் வைப்பது வழக்கம். சனிக்கிழமைக்காரர்கள் டோனட் வாங்கலாம். மார்க்கின் மனைவி ஆன் சவாயும் பாடகி, கிட்டார் கலைஞர். கேஜன் இசையைப் பற்றிப் பெரிய நூலும் எழுதியவர். இந்த இசையின் முதல் இசைத்தட்டே ஒரு ஜோடியுடையதுதான். 1928-இல் ஜோ ஃபால்கன் அக்கார்டியன் வாசிக்க, கிளியோமா ப்ரோ கிட்டார் வாசித்தார். பின்னால் இருவரும் மணந்துகொண்டனர்.

இதே சனிக்கிழமை காலையில் தென்கிழக்கே ப்ரோ பிரிட்ஜ் ஊரில் ஸைடெகோ காலை உணவு நடக்கும், முட்டையும் ஆட்டமுமாக. ஸைடெகோ கறுப்பினக் கிரியோல் மக்களின் இசை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான் யூனிஸ் பக்கம். ஆனால் அப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் மதியம் ஓபலூசஸ் வழியாகப் போக வேண்டும் என்பது என் கட்சி. அங்கே ஐ-49 ஓரம், பாரிஷ் சுற்றுலா மையத்தில் அமேதே ஆர்துவானுக்கு 2018-இல் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். கறுப்பின அக்கார்டியன் கலைஞர். 1929 முதல் 1934 வரை அவர் பதிவுசெய்த பாடல்களில்தான் கேஜன் அக்கார்டியனும் ஸைடெகோவும் வேர் பிடித்திருக்கின்றன. டென்னிஸ் மக்கீ என்ற வெள்ளையர் பக்கத்தில் அமர்ந்து பிடில் வாசித்தார். வெள்ளையர் வீட்டு ஆட்டத்துக்கு வாசிக்க ஆர்துவானை அழைத்தார்கள். அப்படி ஒரு இரவில் வியர்வை துடைக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் கைக்குட்டை கொடுத்தாள் என்பதற்காக அவரை அடித்துச் சிதைத்தார்கள் என்று ஊர் சொல்கிறது. 1942-இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். கல்லறைக்கு அடையாளம் இல்லை. காலையில் கேட்ட வால்ட்ஸ்களில் எத்தனை அவரிடமிருந்து வந்தவை என்று இந்தச் சிலைக்கு முன்னால் பேசிக்கொள்ளலாம்.

சனி இரவுக்கு ப்ரோ பிரிட்ஜ், பயூ டெஷ் ஓடைக்கரையில். இந்தப் பக்கம் கார் ஜன்னலிலேயே டைகிரி என்ற மதுக்கலவை விற்கும் கடைகள் உண்டு. மூடியை ஒட்டி, உறிஞ்சு குழாயைச் செருகாமல் தனியாகத் தருவார்கள். குழாய் உள்ளே போகாதவரை அது திறக்காத பாட்டில் என்பது சட்டத்தின் கணக்கு. அறைக்குப் போய்ச் செருகுங்கள்.

ஞாயிறு அவசரப்பட ஒன்றுமில்லை. காலையில் லேக் மார்ட்டின், ஏப்ரலில் ரோஜா நிறக் கரண்டிவாயன்கள் கூடு கட்டும் ஏரி. முதலைகளும் உண்டு, ஆகவே கரையில் ரொமான்ஸ் வேண்டாம். அப்புறம் 31-ஆம் எண் சாலையில் ஓடையோடு ஓடையாகச் செயின்ட் மார்ட்டின்வில். லாங்ஃபெலோ 1847-இல் எழுதிய கவிதையின் கற்பனைக் கதாநாயகி எவாஞ்சலினுக்கு அங்கே ஒரு ஓக் மரமும் சிலையும் இருக்கின்றன. காதலனைப் பிரிந்து வாழ்நாளெல்லாம் தேடியவள். சிலையின் முகம், 1929-இல் அவளாக நடித்த மெக்சிகோ நடிகை டோலோரஸ் டெல் ரியோவுடையது. ஏவரி தீவின் டபாஸ்கோ தொழிற்சாலை பிரபலம்தான், நேரமிருந்தால் போங்கள். எனக்கு அந்த நேரத்தில் கிராஃபிஷ் முக்கியம். கிலோ கணக்கில் கொட்டுவார்கள். தலையைத் திருகிப் பிய்த்து, வாலை உரித்து, காரத்தில் கை எரிய எரியச் சாப்பிட வேண்டும்.

திரும்பும் வழியில், லஃபயெட்டைத் தாண்டியதும் ஸ்காட் என்ற ஊர். பூடானின் தலைநகரம் என்று மாநிலச் சட்டமன்றமே பட்டம் சூட்டிய ஊர். கசாப்புக் கடைத் தாளில் சுற்றிச் சூடாகத் தருவார்கள். வாகன நிறுத்துமிடத்திலேயே, தோலைப் பிதுக்கி உள்ளே இருக்கும் சோறும் கறியும் மட்டும் சாப்பிடுவது முறை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எங்கள் வீட்டில் யாருக்கும் தடையில்லை. மீதியை உறைய வைத்துத் தருவார்கள். வண்டியில் ஐஸ் பெட்டிக்கு இடம் விட்டு வையுங்கள்.

(தொடரும்)