பழைய புத்தக அலமாரிக்குப் புதிய வண்ணம்

வைகாசி இறுதி முதல் கார்த்திகை வரை இரு பருவமழைகளையும் பெறும் நகரம் திருவனந்தபுரம். கடற்காற்றின் ஈரமும் சேர்வதால், புத்தக அலமாரியின் பின்பலகையில் பூஞ்சணம் படர்வதும், புத்தக அட்டைகளில் புழுக்க வாடை தங்குவதும் இங்குள்ள வீடுகளில் வழக்கம். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே அலமாரியைப் புதுப்பிக்க உகந்த காலம். அறை முழுவதற்கும் வண்ணம் பூச இயலாதவர்கள், அலமாரி ஒன்றை மட்டும் புதுப்பித்தாலும் அறையின் தோற்றம் மாறிவிடும்.

முதலில் மரத்தை அறிந்துகொள்ள வேண்டும். தேக்கு, ஆஞ்சிலி போன்ற நல்ல மரங்களுக்கு மெருகெண்ணெயே போதுமானது. அவற்றின்மீது ஒருமுறை வண்ணம் பூசிவிட்டால் அதனை நீக்குவது கடினம். பிளைவுட், ரப்பர் மரம், முன்னரே வண்ணம் பூசப்பட்ட அலமாரி ஆகியவையே இப்பணிக்கு ஏற்றவை.

பழைய பூச்சு இருப்பின் எச்சரிக்கை தேவை. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டலாகாது என்னும் விதி 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசு, சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்பால் இருக்கச் செய்து, முகக்கவசம் அணிந்து, நீர்த்தாள் கொண்டு ஈரமாகவே தேய்க்க வேண்டும். விழும் துகள்களைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பூச்சு பெருமளவு உரிந்திருந்தால் பலகையையே மாற்றிவிடுவது நலம்.

பூஞ்சணத்தின் மேலேயே வண்ணம் பூசினால் அது மீண்டும் தலைகாட்டும். சோப்பு நீரால் துடைத்து, இரண்டு நாட்கள் நல்ல காற்றோட்டத்தில் உலர்த்துக. கரையான் தடம் தென்பட்டால் அதற்கான மருந்தை முதலில் அடிக்க வேண்டும். ஆணித்துளைகளை மக்கு வைத்து அடைத்து, மென்மையான தாளால் தேய்த்து, பிரைமர் ஒரு பூச்சும், எனாமல் இரண்டு பூச்சும் மெல்லியதாகக் கொடுக்கவும். நீரில் கரையும் எனாமலில் வாடை குறைவு. மூடிய அறைகளுக்கு அதுவே ஏற்றது.

ஆறடி உயரமும் மூன்றடி அகலமும் ஓரடி ஆழமும் கொண்ட, ஆறு தட்டுகள் உள்ள அலமாரியின் பூசவேண்டிய பரப்பு ஏறத்தாழ 80 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 160 சதுர அடி ஆகிறது. டப்பாவின் மீது ஒரு லிட்டருக்குக் குறித்துள்ள பரப்பினால் இதனை வகுத்து வாங்கினால், பணமும் வண்ணமும் வீணாகா.

எந்த நிறம் தேர்வது? வெளிச்சம் குறைந்த அறைக்கு வெண்மையே கைகொடுக்கும். வெண்ணிற வண்ணத்திற்கு மறைக்கும் ஆற்றலைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. கொல்லம் மாவட்டச் சவறாவிலும் குமரி மாவட்ட மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டே அதன் மூலப்பொருள். திருவனந்தபுரம் கொச்சுவேளியில், 1946இல் நிறுவப்பட்ட திருவாங்கூர் டைட்டானியம் ஆலை அதனைத் தயாரித்து வருகிறது. நம் கரையின் கருமணலே வெண்மையாகி வீட்டிற்குள் வருகிறது எனலாம். சட்டங்களை வெண்மையாக விடுத்து, பின்பலகைக்கு மட்டும் கரும்பச்சையோ நீலமோ தீட்டினால் புத்தகங்கள் எடுப்பாகத் தோன்றும்.

இறுதியாக, பொறுமை தேவை. தொட்டால் ஒட்டாத நிலையைச் சில மணிநேரத்தில் அடையும் எனாமல், முழுவதும் இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் கனமான நூல்களை அடுக்கினால் அட்டைகள் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கிழியும். நூல்களை அதுவரை வேறிடத்தில் வைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துக. அவ்விடைவெளியில் உலவும் காற்றே, அடுத்த மழைக்காலத்தில் தங்கள் புத்தகங்களைக் காக்கும்.