புத்தகத்தைப் பார்த்துத் தையல் பழகலாம்!
பழைய சேலையில் குளிருக்கு ஒரு போர்வை

சேலத்தில் மின்விசிறி சுழல்கிறது. அதே இரவில், மலைக்கு மேலே கிளியூரில் உடம்பு போர்வை கேட்கிறது!

கிளியூர் என்றதும் அருவிதான் நினைவுக்கு வரும். ஏற்காடு ஏரியில் இருந்து சுமார் 3 கிலோ மீட்டர். சுமார் 300 அடி உயரத்தில் இருந்து தண்ணீர் விழுகிறது. அருவியைப் பார்க்க வருகிறவர்கள் மாலையில் மலையை விட்டு இறங்கி விடுகிறார்கள். அங்கேயே குடியிருப்பவர்கள் இரவையும் கழிக்க வேண்டும் அல்லவா?

ஏற்காடு சுமார் 5 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் ஒரே கம்பளியை இரண்டு குழந்தைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கும் வீடுகள் உண்டு.

கடையில் நல்ல போர்வை வாங்கப் பணம் வேண்டும். ஆனால் பழைய சேலை எந்த வீட்டில் இல்லை? ஊசியும் நூலும் மலிவு. "சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையே!" என்பதுதான் தாய்மார்களின் குறை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். தையல் புத்தகமே ஆசிரியராக இருக்கும்.

காற்றுதான் காவல்

மூன்று அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைத்த போர்வை ஏன் கதகதப்பாக இருக்கிறது? அடுக்குகளுக்கு நடுவே காற்று சிக்கிக் கொள்கிறது. அது உடம்புச் சூட்டை எளிதில் வெளியே விடுவது இல்லை.

பருத்திச் சேலையாகப் பார்த்து எடுங்கள். பாலியெஸ்டர், நைலான் வேண்டாம். குளிருக்கு அடுப்பு ஓரம் படுக்கும் வழக்கம் உண்டு. பொறி பட்டால் அந்தத் துணி உருகி உடம்பில் ஒட்டிக் கொள்ளும். இன்னொன்று. கைக்குழந்தையின் மேல் கனமான போர்வையைப் போடக் கூடாது. மூச்சு முட்டும்.

புத்தகத்தை எப்படிப் படிப்பது?

தையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம் போலப் படித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு வரியைப் படியுங்கள். படத்தைப் பாருங்கள். உடனே ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள். பிறகுதான் அடுத்த வரி.

பலர் முதல் நாளே ரவிக்கைப் படத்தைத் திறந்து வைத்துக் கொள்கிறார்கள். துணியை வெட்டுகிறார்கள். கை பொருந்தவில்லை. புத்தகம் பரணுக்குப் போய் விடுகிறது! ரவிக்கை வளைவான வேலை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நேர்கோடுதான் நல்லது. போர்வையில் எல்லாமே நேர்கோடு.

புத்தகத்தில் ஊசியின் எண் போட்டிருக்கும். இதில் ஒரு வேடிக்கை. கை ஊசியில் எண் கூடினால் ஊசி மெல்லியது. தையல் எந்திர ஊசியிலோ எண் கூடினால் ஊசி தடிமன்! இது தெரியாமல் கடையில் மாற்றி வாங்கி வருகிறவர்கள் பலர்.

நூல் ஒரு முழம் போதும். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு நீளமாக எடுத்தால் சிக்கு விழும்.

சதுரக் கணக்கு

துணியை முதலில் துவைத்துக் காய வையுங்கள். சாயம் போகிற துணி எது என்று அப்போதே தெரிந்து விடும்.

ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய் விடும். ஆகவே தைத்த பின் 6 அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 6 சதுரம், நீளத்துக்கு 8 சதுரம், மொத்தம் 48. மூன்றடி அகலம், நாலடி நீளம். ஒரு சிறுவனுக்குப் போதுமான போர்வை!

கால் அங்குலம்தானே என்று அலட்சியம் வேண்டாம். தையல் அரைக்கால் அங்குலம் உள்ளே தள்ளிப் போனால், ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துணியுமாகக் கால் அங்குலம் குறையும். 8 சதுரத்துக்கு 7 இணைப்பு. ஒன்றே முக்கால் அங்குலம் போய் விட்டது! பக்கத்து வரிசையோடு சேர்த்தால் பொருந்தாது. அதனால் தைக்கும் முன் அடிக்கோலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக் கொள்ளுங்கள். அந்தக் கோட்டின் மேலேயே ஊசி போக வேண்டும்.

பிறகு தரையில் அடித்துணியை விரியுங்கள். அதன் மேல் மடித்த பழஞ்சேலை. அதற்கும் மேலே சதுரங்களைச் சேர்த்த துணி. நடுவில் இருந்து ஓரத்துக்குச் சுருக்கத்தைத் தடவித் தள்ளி, பெரிய பெரிய தையலாக இழையோட்டிக் கொள்ளுங்கள். குண்டூசி குத்தினால் எத்தனை என்று எண்ணி வையுங்கள். ஒன்று உள்ளே தங்கினாலும் குழந்தையைக் குத்தும்.

இனி நான்கு விரல் இடைவெளி விட்டு, மூன்று அடுக்கையும் பிடித்து ஓட்டுத் தையல் போட வேண்டும். ஓரத்தைப் பட்டைத் துணியால் மடித்துத் தைத்து, இழையோட்டிய நூலை உருவி விடலாம்.

புத்தகம் சொல்லாதது

நூலை எவ்வளவு இழுப்பது? இதை எந்தப் படமும் காட்டாது. இறுக்கினால் துணி சுருங்குகிறது. தளர விட்டால் விரலில் மாட்டி அறுகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. உடுத்தித் தேய்ந்த ரவிக்கை ஒன்றை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். எங்கே மடித்தார்கள், எங்கே இரட்டைத் தையல் போட்டார்கள் என்பது தெரியும். பழைய துணியும் ஒரு புத்தகம்தான்.

இதற்குச் சான்று சேர்வராயன் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கி பள்ளத்தாக்கில் லம்பாடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பூத்தையல் ஏறக்குறைய மறைந்து போய் விட்டது. வயதான பெண்கள் ஓரிருவருக்கே தெரிந்திருந்தது. அவர்களும் போயிருந்தால் எல்லாம் போயிருக்கும்! அங்கே மருத்துவப் பணி செய்து வந்த டாக்டர் லலிதா ரெஜி ஊக்கம் கொடுத்தார். முதியவர்களிடம் இளம்பெண்கள் உட்கார்ந்து கற்றார்கள். இன்று "பொர்கை" என்ற பெயரில் அந்தப் பெண்களே துணிகளை விற்கிறார்கள். லம்பாடி மொழியில் அதற்குப் "பெருமை" என்று பொருள்.

வங்காளத்திலும் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பார்கள். அதன் பெயர் "காந்தா". நம்முடைய "கந்தை"க்கு உறவான சொல்தான்! சேலைக் கரையில் இருந்தே நூலை உருவித் தைப்பது அங்கே பழைய வழக்கம். கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து போர்வையை முடிக்கிறார்கள். அவர்கள் சதுரம் எண்ணுவதும் இல்லை, புத்தகம் பார்ப்பதும் இல்லை.

எந்திரம் வேண்டுமா?

போர்வைக்குக் கை ஊசியே போதும். தையலைத் தொழிலாகச் செய்ய நினைத்தால் எந்திரம் வேண்டும். விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள் போன்றோருக்குத் தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் எந்திரம் கொடுக்கிறது.

ஆனால் புத்தகம் பார்த்துப் பழகினேன் என்று சொன்னால் அங்கே போதாது. தையல் பயிற்சி பெற்றதற்குச் சான்று கேட்கிறார்கள். வயது, வருமான வரம்பும் உண்டு. விவரங்களை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.