உலகுக்கு ஒரே முகவரி ஏடு

1954 வரை நம் புதுச்சேரிக் கடிதத்தில் பிரெஞ்சிந்தியத் தபால்தலை. பக்கத்துக் கடலூரில் வேறு தபால்தலை. ஆயினும் கடிதங்கள் எல்லை தாண்டின. 1874-இல் பல நாடுகள் கூடி அமைத்த தபால் ஒன்றியம் அதற்கு வழிசெய்தது.

இணையத்திலும் இப்படித்தான். கணினிகளுக்கு முகவரி எண்களே. பெயருக்குரிய எண்ணைத் தேடும் வேலை, உலகப் பொதுவான மூலப் பட்டியலில் தொடங்குகிறது. அதை ஒருங்கிணைப்பது ஐகான் அமைப்பு. 2016-இல் அமெரிக்க அரசின் மேற்பார்வை நீங்கியது. பன்னாட்டு அரசுகள், வல்லுநர்கள், பயனாளர்கள் சேர்ந்து விதி வகுக்கின்றனர்.

'.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்ற தமிழ்ப் பெயர்களும் அப்பட்டியலில் உள்ளன. 'ஔ' என்ற ஓரெழுத்தையும், 'ஒ', 'ள' என்ற இரண்டையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறுவேறு. போலி முகவரி அமைக்க இது போதுமே! விதி வகுப்போரில் தமிழறிந்தவரும் வேண்டும் அல்லவா?